முகவரி என்னும் உறுப்பு: ரே ஜான்சனின் ஒட்டுப்படங்களும் அஞ்சல் கலை இயக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க ஒட்டுப்படக் கலைஞர் ரே ஜான்சன் (1927–1995) அஞ்சல் கலை இயக்கத்தின் தந்தை என்று கலை வரலாற்று நூல்களில் குறிக்கப்படுகிறார். இக்குறிப்பு, அவருடைய கடிதங்களுக்கும் பின்னர் எழுந்த உலகளாவிய இயக்கத்திற்கும் இடையிலுள்ள அடிப்படை வேறுபாட்டை மறைத்துவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும். ஜான்சனின் கடிதம் பெயர் சுட்டிய ஒருவருக்கு உரியது. இயக்கத்தின் அழைப்போ எவர்க்கும் உரியது. இரண்டும் ஒட்டுப்படத்தின் ஒரே கொள்கையிலிருந்து கிளைத்தவை எனினும், பெறுநரை அவை நடத்தும் முறை வேறு. அவ்வேறுபாட்டை வெளிக்கொணர்ந்து, ஜான்சனின் ஆக்கங்களை வாசிப்பதற்கு முகவரியை ஓர் உறுப்பாகக் கொள்ள வேண்டும் என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: ரே ஜான்சன், ஒட்டுப்படம், அஞ்சல் கலை, பெறுநர், கேட்போர், சிறைப்புறம், அருங்காட்சியகம்.

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் நியூயார்க் நகரம் ஓவிய உலகின் தலைமையிடமாயிற்று. பெரிய திரைச்சீலைகள், பெரிய காட்சிக்கூடங்கள், பெரிய விலைகள் ஆகியவை அக்காலத்தின் அடையாளங்கள். அதே நகரத்தில், அதே ஆண்டுகளில், கையளவு அட்டைகளில் ஒட்டுப்படம் செய்து, அவற்றுள் பலவற்றை உறையிலிட்டு அஞ்சலில் சேர்த்துக்கொண்டிருந்தவர் ரே ஜான்சன். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுக் கடிதத்திற்கு 4 சென்ட் அஞ்சல் தலை போதுமானதாக இருந்தது. காட்சிக்கூடத்தின் வாடகையோ முகவரின் பரிந்துரையோ இன்றி ஒரு படைப்பைப் பார்வையாளரின் கையில் சேர்க்க அத்தொகையே அவருக்குப் போதுமானதாயிற்று.

1965இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கிரேஸ் க்ளூக், அறியப்படாத கலைஞர்களுள் நகரத்திலேயே மிகுந்த புகழுடையவர் என்னும் பொருள்பட அவரைக் குறித்தார். இம்முரண் பின்னாளில் அவரைப் பற்றிய எழுத்துகள் அனைத்திலும் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. அதனுடன் 'அஞ்சல் கலையின் தந்தை' என்னும் பட்டமும் சேர்ந்துகொண்டது. முதல் குறிப்பு அவருடைய நிலையைச் சரியாகச் சுட்டுகிறது. இரண்டாவது குறிப்பு ஆய்வுக்கு உரியது. தந்தை எனும் உருவகம் மரபுரிமையை உணர்த்துகிறது. பிள்ளை எதைப் பெற்றுக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்னும் வினாவை எழுப்பாமல் கடந்துவிடுகிறது.

வெட்டுதலும் மீண்டும் வெட்டுதலும்

மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் பிறந்த ஜான்சன், 1945 முதல் 1948 வரை வட கரோலினாவிலுள்ள பிளாக் மவுண்டன் கல்லூரியில் பயின்றார். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியிலிருந்து வந்திருந்த யோசெப் ஆல்பர்ஸ் அங்கே அவருடைய ஆசிரியர். ஒரு நிறம் அதன் அருகிலுள்ள நிறத்தால் மாறித் தோன்றுகிறது என்பது ஆல்பர்ஸின் பாடங்களில் முதன்மையானது. ஜான்சனின் தொடக்ககால வடிவியல் ஓவியங்கள் இப்பயிற்சியின் விளைவுகள். 1951ஆம் ஆண்டைச் சேர்ந்த 'காம் சென்டர்' என்னும் ஓவியத்தில் சிறு சதுரங்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தனிக்கோலம் உள்ளது. 1950களின் நடுப்பகுதியில் இவ்வகை ஓவியங்களுள் பலவற்றை அவரே எரித்தழித்தார்.

அழித்தபின் அவர் மேற்கொண்டவை 'மோட்டிகோஸ்' என்று அவரே பெயரிட்ட ஒட்டுப்படங்கள். ஊடுபரவலைக் குறிக்கும் 'ஆஸ்மாட்டிக்' என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை மாற்றி அடுக்கியதால் கிடைத்த பெயர் அது. இதழ்களிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் வெட்டிய படங்களை அட்டையில் ஒட்டி, மை தீட்டி, ஒழுங்கற்ற வடிவங்களில் அவற்றை வெட்டினார். 1955இல் எலிசபெத் நோவிக் எடுத்த ஒளிப்படங்களில் இவை நகரத் தெருவோரத்தில் பரப்பிவைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சுவரில் தொங்கவிடாமல் தரையில் பரப்பியதற்குக் காரணம் உண்டு. தரையில் பரப்பியதை மீண்டும் வாரி எடுத்து வேறு முறையில் அடுக்கலாம்.

1956–57இல் செய்த 'ஈடிபஸ் (எல்விஸ் எண் 1)' என்னும் படத்தில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் ஒளிப்படத்தின்மீது சிவப்பு நிறம் கண்ணீர்போல் வழிகிறது. ஆண்டி வார்ஹால் எல்விஸின் உருவத்தைக் கையாள்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே இது செய்யப்பட்டது. எனவே ஜான்சனைப் பாப் கலையின் முன்னோடி எனக் கொள்வர். காலமுறையில் இது சரியே. ஆயினும் வார்ஹால் ஓர் உருவத்தைப் பல மடங்காக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஜான்சன் தம் உருவங்களையே மீண்டும் வெட்டினார். பல மோட்டிகோஸ்கள் பின்னாளில் துண்டுகளாக்கப்பட்டுப் புதிய படங்களுள் சேர்ந்தன. அட்டைத் துண்டுகளை அடுக்கி ஒட்டி, மணல்தாளால் தேய்த்து, ஓடு பதித்தாற்போன்ற சிறு கட்டிகளாக்கி அவற்றை வேறு படங்களில் பதித்தார். ஒரே படத்தில் பல ஆண்டுகளின் தேதிகள் எழுதப்பட்டிருப்பதும் உண்டு. முடிந்த படைப்பு என ஒன்று இல்லை. இப்போதைக்கு இவ்வடிவில் உள்ள படைப்பு மட்டுமே உண்டு. இதுவே அவருடைய ஒட்டுப்படக் கொள்கை எனலாம்.

கடிதம் என்னும் ஒட்டுப்படம்

இக்கொள்கை அஞ்சலுக்கு இடம்பெயர்ந்ததே ஜான்சனின் தனித்த பங்களிப்பு. அவர் அனுப்பிய தாள்களில் ஒரு வரைபடம் இருக்கும். அதனருகே, இதில் எதையேனும் சேர்த்துத் திருப்பி அனுப்புக என்னும் வேண்டுகோள் இருக்கும். பல தாள்களில் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரி ஜான்சனுடையதாக இராது. மூன்றாம் ஒருவருடையதாக இருக்கும். அம்மூன்றாமவரைப் பெறுநர் அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வாறு, ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒரு தாளின் வழியே அறிமுகமாயினர்.

ஒட்டுப்படத்தில் தொடர்பற்ற இரு துண்டுகள் அருகருகே வைக்கப்படும்போது அவற்றிடையே ஒரு பொருள் பிறக்கிறது. ஜான்சன் தம் கடிதங்களில் மனிதர்களை அவ்வாறு அருகருகே வைத்தார். படத்துண்டுகளின் இடத்தைப் பெயர்கள் எடுத்துக்கொண்டன; பசையின் இடத்தை அஞ்சல் துறை எடுத்துக்கொண்டது. அவருடைய கையொப்பம்போல் ஆகிவிட்ட முயல் தலை வரைபடம் இதற்குத் தக்க சான்று. வரிசை வரிசையாக ஒரே மாதிரி முயல் தலைகளை வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயரை எழுதுவார். திரைப்பட நடிகர், ஓவியர், அயல்வீட்டார் என வேறுபாடின்றி அனைவரும் ஒரே முகம் பெறுவர். முகத்தால் வேறுபடாதவர்களைப் பெயர் மட்டுமே வேறுபடுத்துகிறது.

1962இல் எட்வர்ட் பிளங்கெட் இவ்வலைப்பின்னலுக்கு 'நியூயார்க் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்' என்று பெயரிட்டார். அக்கால ஓவியர் குழுவான நியூயார்க் பள்ளியையும் அஞ்சல்வழிக் கல்வி நிலையங்களையும் ஒருசேரக் கேலி செய்யும் பெயர் இது. கடிதத் தொடர்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஓர் உயிரெழுத்தை மாற்றி, ஈற்றில் நடனத்தைக் குறிக்கும் சொல் தெரியுமாறு ஜான்சன் அதை எழுதினார். நடனத்திற்கு இணை வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

கேட்போரும் சிறைப்புறமும்

ஐரோப்பிய அமெரிக்கக் கலை விமரிசனத்தில் படைப்பு, படைப்பாளி, பார்வையாளர் என்னும் மூன்றும் பேசப்படுகின்றன. பெறுநர் என்னும் நிலைக்கு அங்கே தனிச்சொல் வழக்கில் இல்லை. தமிழ் இலக்கண மரபு இவ்வகையில் பயன்தரும் கருவி ஒன்றைத் தருகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணுமிடத்து, மாத்திரை, எழுத்து, அசை முதலியவற்றோடு கூற்று, கேட்போர், களன் ஆகியவற்றையும் உறுப்புகளாகவே எண்ணுகிறது. கேட்போர் செய்யுளுக்கு வெளியே நிற்பவர் அல்லர். செய்யுளின் கட்டமைப்பில் அடங்கியவர். ஜான்சனுக்கு இம்மரபோடு எவ்விதத் தொடர்பும் இல்லை. ஆயினும் அவருடைய கடிதங்களை விளக்கக் 'கேட்போர்' என்னும் இவ்வுறுப்பு பொருத்தமாக அமைகிறது. பெறுநர் மாறினால் அக்கடிதம் வேறு படைப்பாகிவிடும். ஒருவருடைய பெயரின் ஒலி, பிறந்தநாள், முன்பு அவர் அனுப்பிய கடிதத்தில் இருந்த ஒரு சொற்பிழை ஆகியவையே பல கடிதங்களின் கருப்பொருள்கள்.

மேலும் ஒரு நுட்பம் இங்கே கருதத்தக்கது. அகப்பாடல்களில் தோழி தலைவியிடம் பேசுவாள். தலைவன் வேலிப்புறத்தே நின்று அதைக் கேட்பான். முன்னிற்பவளுக்குச் சொல்வதுபோல் மறைந்திருப்பவனுக்குச் சொல்லும் இம்முறை சிறைப்புறம் எனப்படும். மூன்றாமவருக்கு அனுப்புக என்னும் ஜான்சனின் கடிதமும் இத்தகைய கட்டமைப்பு உடையது. உறையின்மேல் எழுதப்பட்ட பெயர் ஒன்று. உள்ளே குறிவைக்கப்பட்ட பெயர் மற்றொன்று. இடையில் நிற்பவர் சேர்ப்பிப்பவராகவும் வாசிப்பவராகவும் ஆகிறார். அனுப்பாமல் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையும் அவருக்கு உண்டு. கடிதத் தாள் பெற்றவருக்கு உடைமை. அதிலுள்ளதன் பதிப்புரிமை எழுதியவருக்கு உரியது. சட்டம் பிரித்துவைத்த இவ்விரு உரிமைகளுக்கு இடைப்பட்ட வெளியிலேயே ஜான்சனின் ஆட்டம் நிகழ்ந்தது.

1965இல் பிரெஞ்சுக் கலைஞர் பென் வோத்தியே செய்த அஞ்சலட்டையை இதனோடு ஒப்பிடலாம். அட்டையின் இருபுறமும் முகவரிக்கான கோடுகள். இருபுறமும் வெவ்வேறு முகவரிகளை எழுதி அஞ்சலிட்டால், எவருக்குச் சேர்ப்பது என்பதை அஞ்சல்காரரே முடிவு செய்ய வேண்டும். அமைப்பைச் சோதிக்கும் கூர்மையான நகைச்சுவை இது. இங்கே பெறுநர் எவராகவும் இருக்கலாம். ஜான்சனின் கடிதத்தில் அவ்வாறு இருக்க இயலாது.

நீக்கும் உரிமை

பெயர் சுட்டி அழைப்பவர் பெயரை நீக்கவும் செய்வார். ஜான்சனைப் போற்றும் எழுத்துகள் பெரும்பாலும் வேகமாகக் கடந்துசெல்லும் பகுதி இது. தம் பள்ளியிலிருந்து இன்னார் நீக்கப்பட்டார் என்று அறிவிக்கும் கடிதங்களையும் அவர் அனுப்பினார். அப்பள்ளிக்கு உறுப்பினர் பட்டியலோ கட்டணமோ விதிமுறையோ இருந்ததில்லை. ஆகவே நீக்கம் என்பது பகடியே. எனினும் பெற்றவர்க்கு அது பகடியாக மட்டும் இருந்திருக்கும் எனக் கொள்வது எளிதன்று. நட்பையே ஊடகமாகக் கொண்ட கலையில் விளையாட்டும் புறக்கணிப்பும் ஒரே உறையில் வருகின்றன.

விற்பனையிலும் இதே இயல்பு வெளிப்பட்டது. ஜான் வால்ட்டர் இயக்கிய 'ஹவ் டு டிரா எ பனி' (2002) என்னும் ஆவணப்படத்தில், விலையில் கால்பங்கைக் குறைத்துக் கேட்ட ஒருவருக்கு, படத்தின் கால்பங்கை வெட்டி எடுத்துவிட்டு எஞ்சியதை ஜான்சன் அனுப்பிய நிகழ்ச்சி கூறப்படுகிறது. கேட்போர் சிரிக்கின்றனர். ஆயின் அதன் தருக்கம் துல்லியமானது. ஒட்டுப்படத்தை எங்கும் வெட்டலாம் என்பது அவருடைய கொள்கை; வாங்குபவரின் பேரமும் ஒரு கத்தரிக்கோலாகிவிடுகிறது. பெறுநர் படைப்பின் உறுப்பு என்றால் அவருடைய சிறுமையும் படைப்பில் பதிவாகும்.

1973இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் இறப்புச் செய்திப் பிரிவுக்குக் கடிதம் எழுதித் தம் பள்ளி இறந்துவிட்டதாக ஜான்சன் அறிவித்தார். பின்னர் 'புத்தா யூனிவர்சிட்டி' என்னும் பெயரில் அஞ்சல் தொடர்ந்தது. இந்த இறப்பு அறிவிப்பு வெளியான காலம் நோக்கத்தக்கது. முந்தைய ஆண்டில் கனடாவின் 'ஜெனரல் ஐடியா' குழு 'ஃபைல்' இதழைத் தொடங்கியிருந்தது. அஞ்சல் கலை பற்றிய கட்டுரை 'ரோலிங் ஸ்டோன்' இதழில் வெளிவந்திருந்தது. முகவரிப் பட்டியல்கள் அச்சேறி, எவரும் எவருக்கும் எழுதலாம் என்னும் நிலை உருவானபோதே தம் பள்ளி முடிந்ததாக அவர் அறிவித்தார்.

எவர்க்கும் உரிய அழைப்பு

1970களில் உருப்பெற்ற அஞ்சல் கலை இயக்கம் மூன்று நெறிகளை ஏற்றது. கண்காட்சிக்கு வரும் எதையும் தெரிவுக்கு உட்படுத்துதல் கூடாது; வந்தவை திருப்பி அனுப்பப்படா; பங்கேற்ற அனைவருக்கும் பெயர்ப்பட்டியல் அல்லது விவரத்தொகுப்பு அனுப்பப்பட வேண்டும். இவை குடியாட்சி நெறிகள். 1984இல் நியூயார்க்கின் பிராங்க்ளின் ஃபர்னஸ் நிறுவனத்தில் நடந்த அஞ்சல் கலைக் கண்காட்சியில், வந்தவற்றுள் ஒரு பகுதியைக் காட்சிப்பொறுப்பாளர் விலக்கினார் என்பதற்காகக் கடும் எதிர்ப்பு எழுந்தது. தெரிவின்மையே இயக்கத்தின் உயிர் என்பதை அவ்வெதிர்ப்பு காட்டியது. ஜான்சனோ தெரிவு செய்துகொண்டே இருந்தவர்.

இவ்விரண்டினுள் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. இயக்கத்தின் திறந்த அழைப்பு, ஜான்சனின் நண்பர் வட்டம் அறிந்திராத தேவைகளுக்கு விடையளித்தது. இராணுவ ஆட்சியிலிருந்த பிரேசிலின் ரெசிஃபே நகரில் 1976இல் பாவ்லோ புருஸ்கி பங்கேற்று அமைத்த பன்னாட்டு அஞ்சல் கலைக் கண்காட்சியை அரசு மூடியது. உருகுவேயில் 1977இல் கிளெமெந்தே பாதின், ஹோர்ஹே கரபாயோ ஆகிய இருவரும் தம் அஞ்சல் கலைப் பணிக்காகச் சிறையிடப்பட்டனர். அவர்களின் விடுதலைக்காகப் பல நாட்டு அஞ்சல் கலைஞர்கள் கடிதம் எழுதினர். முன்பின் அறியாதவர்க்காக எழுதும் இக்கடமையுணர்ச்சி, எவர்க்கும் உரிய அழைப்பிலிருந்தே பிறக்க முடியும். பெயர் சுட்டிய அன்பு தன் வட்டத்திற்குள் ஆழமாகச் செல்லும். பெயர் சுட்டாத அறம் வட்டத்திற்கு அப்பால் செல்லும்.

இத்துணைப் பரப்பை எட்டிய இயக்கம் ஒன்றை இழக்கவும் செய்தது. கண்காட்சிக்கென ஒரு தலைப்பைக் குறித்து, அதற்கென அனுப்பப்பட்ட அட்டைகள் பெரும்பாலும் காட்சிக்கூடத்தையே பெறுநராகக் கொண்டவை. அஞ்சல் அங்கே வெறும் போக்குவரத்து வழியாகச் சுருங்கியது. ஜான்சனின் சிறந்த கடிதங்களில் காணப்படும் நுண்மை, அதாவது ஒரே ஒருவருக்கு மட்டும் விளங்கும் சொல்விளையாட்டு, அவற்றில் அரிது.

அருங்காட்சியகத்தில் கடிதம்

1970இல் விட்னி அருங்காட்சியகத்தில் மார்சியா டக்கரின் பொறுப்பில் ஜான்சனின் கண்காட்சி நடந்தது. அதற்குத் தம் கடித நண்பர்களையே அருங்காட்சியகத்திற்கு அஞ்சல் அனுப்புமாறு ஜான்சன் அழைத்தார். அவர்கள் அனுப்பியவையே காட்சிக்கு வைக்கப்பட்டன. தம் கடிதங்களைச் சுவரில் ஏற்றாமல் தமக்குரிய காட்சியைப் பெறுநர்களிடம் ஒப்படைத்த இச்செயல், அவருடைய கலைக்கொள்கைக்கு அவரே எழுதிய உரை எனலாம்.

அவர் மறைவுக்குப்பின் இந்நிலை மாறியது. 2021–22இல் சிகாகோ கலை நிறுவனம் நடத்திய 'ரே ஜான்சன் கேர் ஆஃப்' என்னும் கண்காட்சி, அவருடைய நெடுநாள் நண்பர் வில்லியம் வில்சன் பாதுகாத்த தொகுப்பை அடிப்படையாகக் கொண்டது. அத்தலைப்பு வில்சனின் நிலையைச் சரியாகச் சுட்டுகிறது. தமக்கு வந்தவற்றோடு, பிறருக்காகத் தம்மிடம் வந்தவற்றையும் அவர் பாதுகாத்தார். அத்தொகுப்பு இன்றேல் இன்றைய ஆய்வுக்கு அடிப்படையே இல்லை. ஆயினும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கடிதத்தைப் பார்ப்பவர், தமக்கு எழுதப்படாத ஒன்றைப் படிக்கிறார். சிறைப்புறத்தே நிற்கும் தலைவனுக்காகவேனும் தோழி பேசினாள். இப்பார்வையாளருக்காக எவரும் பேசவில்லை. எனவே இக்கடிதங்களைப் படங்களாக மட்டும் விளக்கும் காட்சிக்குறிப்புகள் குறைபாடுடையவை. யாருக்கு, எதற்கு மறுமொழியாக, யார் கைவழியாக என்னும் மூன்று விவரங்களும் அளவு, ஊடகம், ஆண்டு ஆகியவற்றோடு சேர்த்துத் தரப்பட வேண்டும்.

இறப்பை வாசித்தல்

1968 ஜூன் 3 அன்று வார்ஹால் சுடப்பட்டார். அதே நாளில் ஜான்சன் கத்திமுனையில் வழிப்பறிக்கு ஆளானார். அதன்பின் நகரத்தை விட்டு லாங் ஐலண்டு பகுதிக்குக் குடிபெயர்ந்து, இறுதிவரை அங்கே தனித்து வாழ்ந்தார். 1995 ஜனவரி 13, வெள்ளிக்கிழமையன்று சாக் ஹார்பர் பாலத்திலிருந்து நீரில் குதித்து உயிர்நீத்தார். அப்போது வயது 67. வயதின் இலக்கங்களைக் கூட்டினால் 13 வருகிறது என்பதும், இதுபோன்ற பிற எண் ஒற்றுமைகளும் எடுத்துக்காட்டப்பட்டு, இறப்பே அவருடைய இறுதி நிகழ்கலை எனக் கூறுவோர் உளர்.

அவருடைய படைப்புகளில் 13 என்னும் எண்ணும் இறப்பும் தொடர்ந்து வருவது உண்மை. 1960களில் அவர் தனித்தாள்களாக அனுப்பிய 'இறப்பைப் பற்றிய நூல்' 13 பக்கங்கள் உடையது. எனினும் ஒரு மனிதரின் சாவைப் படைப்பாக வாசிப்பதில் விமரிசனம் தயங்க வேண்டும். இக்கட்டுரையின் நோக்கில் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஜான்சனின் படைப்பு அனைத்தும் மறுமொழியை எதிர்நோக்கியவை. சேர்த்துத் திருப்பி அனுப்புக என்பது அவற்றின் அடிப்படை வாக்கியம். மறுமொழிக்கு வழியில்லாத ஒன்றை அவற்றின் முடிமணியாக்குவது, அவருடைய கலையின் இலக்கணத்தையே மறுப்பதாகும்.

முடிவுரை

ரே ஜான்சன் ஒட்டுப்படத்தின் கொள்கையை மனித உறவுகளுக்கு விரித்தவர். அஞ்சல் கலை இயக்கம் அவரிடமிருந்து ஊடகத்தையும் கூட்டுப் படைப்பு முறையையும் பெற்றது. பெறுநரைப் பெயர் சுட்டித் தெரிவு செய்யும் முறையை விட்டுவிட்டது. அவ்வாறு விட்டதனாலேயே அது எல்லை கடந்த அறமாக வளர்ந்தது. அதனாலேயே நுண்மையை இழந்தது. தந்தை என்னும் பட்டம் இப்பரிமாற்றத்தின் இருபக்கங்களையும் மறைக்கிறது. ஜான்சனின் கடிதங்களில் அன்பும் விலக்கலும் ஒரே செயலின் இருமுகங்கள் என்பதை ஏற்காத விமரிசனம், அவரை இனிய வேடிக்கையாளராகச் சுருக்கிவிடும். முகவரியைப் படைப்பின் உறுப்பாகக் கொண்டு வாசிக்கும்போது, அக்கடிதங்கள் எவ்வளவு நெருக்கமானவை, எவ்வளவு கடுமையானவை என்னும் இரண்டும் ஒருங்கே புலனாகின்றன.